மஞ்சள் பொடியா, மாத்திரையா: களைத்துப்போன இதயத்துக்கு எது காப்பு?

எங்கள் பக்கம் யாருக்காவது இதயத்தில் கோளாறு என்றால், பார்க்க வருகிற ஒரம்பரை முதலில் கேட்பது, “பம்பிங் எவ்வளவுங்க இருக்குது?” என்பதுதான். அடைப்பா, ஸ்டென்ட் வைத்தார்களா, எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் அப்புறம். எக்கோ ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த ஒற்றை எண், இதயம் தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதைச் சொல்வது. சாதாரணமாக 55க்கு மேல் இருக்க வேண்டும். 30 என்றோ 25 என்றோ வந்துவிட்டால் வீடே வெசனத்தில் மூழ்கிவிடும். கொடுமுடி, சிவகிரிப் பக்கத்து மஞ்சள் காட்டுக்காரர்கள், பள்ளிபாளையம் தறிக்காரர்கள், திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள் என்று எல்லாருக்கும் இன்று இந்தக் கணக்கு தெரிகிறது.

பம்பிங் குறைந்தது என்றதும் அடுத்து வருவது வாட்ஸ்அப் வைத்தியம். ஈரோட்டு மஞ்சளில் குர்குமின் இருக்கிறது, அது ஆன்டிஆக்ஸிடன்ட்; மூலனூர், அரவக்குறிச்சி முருங்கை இலையை நிழலில் காயவைத்துப் பொடி செய்து சாப்பிட்டால் இதயம் பலப்படும்; தினமும் ஒரு வைட்டமின் இ கேப்சூல் போட்டால் போதும். இப்படி வரிசையாக வரும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு கருத்துதான். இதயத் திசு ‘ஆக்ஸிஜன் அழுத்தத்தால்’ கெடுகிறது, அந்த அழுத்தத்தை உறிஞ்சும் பொருளைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அது. இதில் முன்பாதி உண்மை. பின்பாதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் பீட்டா பிளாக்கர் நடத்தும்போது, பி.பி.யைக் குறைக்கும், துடிப்பைக் குறைக்கும் என்று எழுதிக்கொண்டு பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அங்கே நிற்க வேண்டும்போல இருக்கும். பம்பிங் குறைந்த இதயத்தில் ஆக்ஸிஜன் கழிவு உண்டாவதையே கட்டுப்படுத்தி, அதோடு ஆயுளையும் நீட்டித்துக் காட்டிய மருந்துக் கூட்டம் இது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அட்டையில் அச்சடித்து விற்காததால் யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிற தசை இதயம். அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் ஆக்ஸிஜனிடம் ஒப்படைத்து, அந்த ஓட்டத்தில் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தயாரிப்பது அவற்றின் வேலை. வழியில் சில எலக்ட்ரான்கள் நழுவும். நழுவியது ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் சூப்பர்ஆக்ஸைடு. நான் ஆக்ஸிஜன் கழிவு என்று சொன்னது இதையும் இதிலிருந்து பிறப்பவற்றையும்தான். அதை ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும். அந்தப் பெராக்ஸைடைக் கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற இன்னும் இரண்டு நொதிகள் தண்ணீராக்கிவிடும். ஆரோக்கியமான செல்லில் இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் நடக்கிறது. கொஞ்சம் பெராக்ஸைடு செல்லுக்குத் தேவையும்கூட. அது ஒரு தகவல் சொல்லியாக வேலை செய்கிறது. உற்பத்தி கூடி, கழிவை அகற்றும் நொதிகள் தளர்ந்துபோனால்தான் கேடு. மீந்த பெராக்ஸைடு தனி இரும்பு அணுவைச் சந்தித்தால் ஹைட்ராக்ஸில் என்ற மகா முரட்டு மூலக்கூறு பிறக்கும். அது பிறந்த இடத்திலேயே எதிரில் இருப்பதை, பெரும்பாலும் செல் சவ்வின் கொழுப்பை, கடித்துவிடும். கடிபட்ட கொழுப்பு பக்கத்துக் கொழுப்பைக் கெடுக்கும். சவ்வு ஓட்டையாகி, கால்சியம் தாறுமாறாக உள்ளே வரும். மைட்டோகாண்ட்ரியாவின் வாசல் திறந்துகொள்ளும், செல் சாகும். இதயத் தசைச் செல் செத்தால் அந்த இடத்தில் புதிதாக முளைப்பது மிக அரிது. தழும்புதான் மிஞ்சும்.

உற்பத்தி ஏன் கூடுகிறது? பம்பிங் குறைந்ததும் உடம்பு என்ன நினைத்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். ரத்தம் போதவில்லை என்ற செய்தி மூளைக்குப் போகிறது. காயம்பட்டு ரத்தம் ஓடினாலும் இதே செய்திதான் போகும். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. உடனே பரிவு நரம்புகள் நார்அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயமே, வேகமாக ஓடு, இன்னும் பலமாக இறுக்கு என்கிற உத்தரவு. அரைமணி நேர ஆபத்துக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் பம்பிங் 28 என்பது அரைமணி நேரத்து ஆபத்தல்ல, வருஷக்கணக்கில் நீளும் நிலை. உத்தரவும் வருஷக்கணக்கில் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். 1984இல் ஜே கோன் குழுவினர் இதை அளந்தே காட்டினார்கள்: ரத்தத்தில் நார்அட்ரினலின் எவ்வளவு அதிகமோ, இதயம் தளர்ந்த நோயாளியின் ஆயுள் அவ்வளவு குறைவாக இருந்தது.

நார்அட்ரினலின் இதயச் செல்லின் மேல் இருக்கும் பீட்டா-1 ஏற்பியில், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில், போய் உட்காரும். இப்படி ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று ரேமண்ட் ஆல்க்விஸ்ட் சொன்னது 1948இல். ஏற்பி தூண்டப்பட்டதும் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுவன் பெருகி, ஒரு கைனேஸ் நொதி விழித்து, கால்சியம் கதவுகளைத் திறந்துவிடுகிறது. கால்சியம் கூடினால் தசை பலமாக இறுகும். உத்தரவு நிறைவேறியது. அதற்கான விலைதான் ஒன்றல்ல, பல பக்கத்திலிருந்து வருகிறது. அதிக வேலைக்கு அதிக ஏ.டி.பி. வேண்டும், களைத்த மைட்டோகாண்ட்ரியாவை விரட்டினால் நழுவும் எலக்ட்ரானும் கூடும். செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறையிலிருந்து ஒழுகும் கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து இன்னும் கெடுக்கும். வேலை முடிந்த நார்அட்ரினலினை மோனோஅமீன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி உடைக்கிறதே, அந்த உடைப்பில் ஒவ்வொரு தடவையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு மீதியாக வருகிறது. அந்த நொதி ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவர். பிறந்த கழிவு நேராகப் போய் விழுவது அங்கேதான். போதாததற்குக் கேம்கைனேஸ்-2 என்று ஒரு நொதி. அதில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டை ஆக்ஸிஜன் கழிவு தாக்கினால், அணைக்க வேண்டிய நேரத்திலும் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று 2008இல் காட்டினார்கள். அது ஓடினால் கால்சியம் மறுபடி ஒழுகும். ஒன்று மற்றொன்றை வளர்க்கிற சுழல் இது.

1992இல் டக்ளஸ் மான் குழுவினர் வளர்ந்த பூனையின் இதயச் செல்களைத் தட்டில் வைத்து நார்அட்ரினலினை ஊற்றிப் பார்த்தார்கள். அளவு கூடக் கூடச் செல்கள் செத்தன. பீட்டா ஏற்பியை மறித்தபோது சாவு வெகுவாகக் குறைந்தது. உடம்பு தானே சுரக்கிற பொருள், தன் சொந்த இதயத்துக்கே நஞ்சாகும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி மருந்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் 1960களில் புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரை உருவாக்கியபோது அவர் மனதில் இருந்தது நெஞ்சுவலி மட்டும்தான். இதயத்துக்கு ஆக்ஸிஜனைக் கூட்டிக் கொடுக்க முடியவில்லையா, அதன் தேவையைக் குறைத்துவிடுவோம் என்று யோசித்தார். அதற்கும் சேர்த்து 1988இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் பம்பிங் குறைந்தவர்களுக்கு அந்த மருந்து விஷம் என்றே ரொம்பக் காலம் பாடப் புத்தகங்கள் சொல்லின. ஏற்கெனவே தளர்ந்த இதயத்தின் வேகத்தை இன்னும் அடக்கினால் ஆளே போய்விடுவார் என்ற பயம். பயத்தில் நியாயமும் இருந்தது. சுவீடனின் கோதன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் துணிந்து ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து, இதயம் தேறியதை 1975இல் வெளியிட்டார்கள். பலர் நம்பவில்லை. பெரிய ஆய்வுகள் வர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 1999இல், இதே கூட்டத்து மருந்துகளான பைசோப்ரலாலை வைத்து 2,647 பேரிடமும், மெட்டோப்ரலால் சக்சினேட்டை வைத்து 3,991 பேரிடமும் நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவு வந்தது. இரண்டிலும் மரணம் 34 சதவீதம் குறைந்தது. அடுத்து, மிக மோசமான நிலையில் இருந்தவர்களிடம் கார்வெடிலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கர் 35 சதவீதம் குறைத்தது. தளர்ந்த இதயத்துக்கு ஓய்வு கொடுத்தால் அது சாகாது, தேறும் என்பது அதோடு உறுதியானது.

“எரியறதப் புடுங்குனாக் கொதிக்கறது அடங்கும்” என்று எங்கள் அம்மிச்சி சொல்லும். மஞ்சள் கிழங்கு வேகவைக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது தெரியும். பீட்டா பிளாக்கர் செய்வது அதைத்தான். கழிவு பிறந்த பிறகு துரத்திப் பிடிப்பதில்லை. பீட்டா ஏற்பியில் தான் போய் உட்கார்ந்து, கழிவைப் பிறப்பிக்கும் உத்தரவை வாசலிலேயே மறிக்கிறது. நிமிடத்துக்கு 90 துடிப்பு 70 ஆனால், ஒரு நாளில் 28,800 துடிப்பு மிச்சம். அத்தனை துடிப்புக்கான ஏ.டி.பி. மிச்சம், அதில் நழுவியிருக்கக்கூடிய எலக்ட்ரானும் மிச்சம்.

இதை ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். எம்.பார்ம் படிக்கும்போது எங்கள் துறையில் எலிக்கு, நார்அட்ரினலினைப் போலவே பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோப்ரினலின் ஊசி போட்டு இதயத் திசுவைக் கெடுக்கும் பரிசோதனை நடக்கும். ரோனா என்பவர் 1959இல் காட்டிய முறை அது; இந்தியாவில் எந்த மருந்தியல் துறைக்குப் போனாலும் இன்றைக்கும் நடக்கிறது. இதயத்தை எடுத்து, ஐஸ் மேல் வைத்த பஃபரில் அரைத்து, அந்தக் கரைசலில் அமிலமும் தயோபார்பிட்யூரிக் அமிலமும் சேர்த்து, கொதிக்கிற தண்ணீர்த் தொட்டியில் சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்த வேண்டும். சிதைந்த கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கரைசல் இளஞ்சிவப்பாகும். ஊசி போடாத எலியின் குழாய் கிட்டத்தட்ட தண்ணீர் நிறம். ஊசி மட்டும் போட்டதில் நல்ல ரோஜா நிறம் ஏறி வரும். முன்கூட்டியே கார்வெடிலால் கொடுத்த எலியின் குழாய் இரண்டுக்கும் நடுவில், வெளிறிய சிவப்பாக நிற்கும். ஆறவைத்து, சுழலியில் சுற்றி, 532 நானோமீட்டரில் வைத்து அளவு எடுப்போம். ஆனால் கருவியில் வைப்பதற்கு முன்பே, அந்த ஸ்டாண்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் போதும், எது எந்தக் குழு என்று சொல்லிவிடலாம். இதயத்தின் கொழுப்பு கெட்டதும் கெடாததும் நிறமாக நிற்பதை முதன்முதலில் பார்த்த பிறகு, இந்த விஷயம் எனக்கு வெறும் பாடமாக இல்லை.

அந்த நிறத்தை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்குப் போகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஐசோப்ரினலின் இதயத்தைக் கெடுப்பதே பீட்டா ஏற்பி வழியாகத்தான். அந்த வழியை அடைக்கிற எந்த மருந்தைக் கொடுத்தாலும் சிவப்பு குறையத்தான் செய்யும். மருந்து நஞ்சை மறித்தது என்பதற்கு அது சான்று. மருந்தே ஆக்ஸிஜன் கழிவைத் தின்றது என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு வருஷமும் மாணவர்களின் ஆய்வேட்டில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து எழுதப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை தேட வேறு சோதனை வேண்டும்.

அந்தச் சோதனையும் நடந்திருக்கிறது. கார்வெடிலாலின் மூலக்கூறில் கார்பசோல் என்றொரு வளையப் பகுதி உண்டு. அது எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து, கொழுப்புச் சிதைவின் தொடரை அறுக்கக்கூடியது. 1992இல் யூ என்பவரின் குழு, ஏற்பிக்கு வேலையே இல்லாத ஓர் ஏற்பாட்டில், அரைத்த மூளைத் திசுவில் இரும்பைச் சேர்த்துக் கொழுப்பைச் சிதைய வைத்து, பல பீட்டா பிளாக்கர்களைச் சேர்த்துப் பார்த்தது. கார்வெடிலால் மிகக் குறைந்த செறிவிலேயே சிதைவைத் தடுத்தது. புரோப்ரனலால், அட்டினலால் போன்றவற்றுக்கு நூறு மடங்குக்கும் மேல் தேவைப்பட்டது. ஈரலில் கார்வெடிலால் மாறி உண்டாகும் சில பொருள்கள் அதைவிடவும் வீரியமானவை. நெபிவலால் என்ற இன்னொன்று வேறு பாதையில் போகிறது: ரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்ஸைடைப் பெருக்கி, சூப்பர்ஆக்ஸைடு தயாரிக்கும் நொதியை அடக்குகிறது.

அப்படியானால் கார்வெடிலால் இரண்டு வேலையும் பார்க்கிறது, மற்றவை ஒரு வேலைதான் பார்க்கின்றன என்று முடித்துவிடலாமா? சோதனைக் குழாயில் போட்ட செறிவு, மாத்திரை விழுங்கியவர் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ரத்தத்துக்குள் போனதில் 98 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பில் கரையும் மருந்து என்பதால் செல் சவ்வில் போய்த் தேங்கலாம் என்ற வாதம் உண்டு, அதையும் தள்ளிவிட முடியாது. மனிதர்களிடம் பார்த்ததில் இரண்டு ஆய்வுகள் என் மனதில் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 2002இல் ஜப்பானில் நாகமுரா குழுவினர், வீங்கித் தளர்ந்த இதயம் உள்ளவர்களின் இதயத் தசையிலிருந்தே துளித் திசு எடுத்து, சிதைந்த கொழுப்பு ஒட்டிய புரதத்தை அளந்தார்கள். கார்வெடிலால் எடுத்த சில மாதங்களில் அது 40 சதவீதம் குறைந்திருந்தது. இது கார்வெடிலாலுக்குச் சாதகம். ஆனால் அதற்கு முன்பே, 1999இல், குக்கின் குழுவினர் நோயாளிகளைப் பிரித்து ஒரு பாதிக்குக் கார்வெடிலால், மறுபாதிக்கு மெட்டோப்ரலால் கொடுத்து, நான் மேலே சொன்ன அதே இளஞ்சிவப்புச் சோதனையை ரத்தத்தில் செய்தார்கள். இரண்டு குழுவிலும் சிதைவு ஒரேமாதிரிக் குறைந்தது. மெட்டோப்ரலாலுக்கு அந்தக் கார்பசோல் வளையம் கிடையாது, கழிவைத் தின்னும் குணமும் கிடையாது. இருந்தும் குறைந்தது.

எனக்கு இந்த முடிவுதான் முக்கியமாகப் படுகிறது. கழிவைத் தின்னத் தெரியாத மருந்தும் கழிவைக் குறைக்கிறது என்றால், பாதுகாப்பில் பெரும்பங்கு உத்தரவை மறிப்பதில்தான் இருக்கிறது. கார்வெடிலாலின் தனிக் குணம் அதன் மேல் கொஞ்சம் கூடுதலாக உதவலாம். அதை நான் மறுக்கவில்லை. 2003இல் வந்த ஒப்பீட்டில் கார்வெடிலால் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேரும், மெட்டோப்ரலால் டார்ட்ரேட் எடுத்தவர்களில் 40 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். ஆனால் அதில் மெட்டோப்ரலாலின் வகையும் அளவும் போதாது என்ற வாதம் அப்போதே எழுந்தது, அந்த வாதம் சரியென்றே நானும் நினைக்கிறேன்.

கழிவை மட்டும் தின்னும் பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதையும் பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஹோப் ஆய்வில், இதய ஆபத்து உள்ள 9,541 பேரில் ஒரு பாதிக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் இ கொடுத்தார்கள். முகம் மினுங்கும், முடி வளரும் என்று நம் மெடிக்கல் கடைகளில் வாங்கிப் போகிறார்களே பச்சைக் கேப்சூல், அதே அளவு. நாலரை வருஷத்தில் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. ஆய்வை நீட்டித்து 2005இல் வந்த முடிவில், வைட்டமின் இ எடுத்தவர்களுக்கு இதயம் தளர்வது 13 சதவீதம் கூடியிருந்தது. ஹைட்ராக்ஸில் பிறந்த இடத்திலேயே கடித்துவிடும் என்று சொன்னேன் அல்லவா? வாயில் போட்ட ஆன்டிஆக்ஸிடன்ட், சரியான செல்லின் சரியான மூலையில், சரியான கணத்தில், போதுமான அளவில் போய் நிற்பது எப்படி?

மஞ்சள், முருங்கை பற்றி வருத்தப்பட வேண்டியதில்லை. எங்கள் மண்ணின் மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ரசத்தில், குழம்பில், பொரியலில் தாராளமாகப் போடலாம். சாப்பிடும் குர்குமினில் மிகக் கொஞ்சமே ரத்தத்தில் ஏறுகிறது என்பதால் அதை இதய மருந்தாக நம்ப முடியாது, அவ்வளவுதான். கவலை வேறொன்றில். இந்தக் குறையைச் சரிசெய்கிறோம் என்று மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் குர்குமின் கேப்சூல் விற்கிறார்கள். பைப்பரின் குர்குமினை மட்டும் தூக்கி உள்ளே விடுவதில்லை, ஈரல் உடைக்க வேண்டிய மருந்துகளையும் உடைக்க விடாமல் செய்கிறது. பைப்பரினோடு கொடுத்தால் ரத்தத்தில் புரோப்ரனலாலின் அளவு ஏறுகிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 1991இலேயே காட்டியிருக்கிறார்கள். பீட்டா பிளாக்கர் எடுப்பவர் டாக்டருக்குத் தெரியாமல் இந்தக் கேப்சூலைச் சேர்த்துக்கொண்டால் துடிப்பு தேவைக்கு மேல் இறங்கிவிடக்கூடும். ரசத்து மிளகு வேறு, செறிவூட்டிய கேப்சூல் வேறு.

எங்கள் பெரியப்பா கதையை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதை எழுத உட்கார்ந்ததே அவரால்தான். கொடுமுடிப் பக்கம் தோட்டம். வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த கை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்று போனதில் பம்பிங் குறைவு என்று தெரிந்தது. மற்ற மாத்திரைகளோடு கார்வெடிலால் 3.125 மில்லிகிராம் காலை, இரவு என்று எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவரே அதை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். மாத்திரைப் பையைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு ஸ்ட்ரிப் மட்டும் முழுசாக இருந்தது.

“இதப் போட்டாத் தெம்பே இல்ல கண்ணு. கிணத்து மேடு வரைக்கும் போறதுக்குள்ள உக்காந்துக்கோணும். அதான் நிறுத்திப்போட்டேன்” என்றார். பதிலுக்கு யாரோ சொன்ன முருங்கைப் பொடியை இரண்டு வேளையும் மோரில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்ன அலுப்பு பொய் இல்லை. நார்அட்ரினலினின் விரட்டலிலேயே ஓடிப் பழகிய உடம்பிலிருந்து அந்த விரட்டலை எடுத்தால் ஆரம்பத்தில் சோர்வு வரும், கிறுகிறுப்பு வரும், சிலருக்கு வீக்கம்கூடக் கொஞ்சம் கூடும். இதயத் திசு தேறிப் பம்பிங் ஏறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். கஷ்டம் முதலில், பலன் பிறகு. இந்த இடைவெளியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சீட்டை எழுதியவருக்கு நேரமில்லை, மாத்திரையை எடுத்துக் கொடுத்தவருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். இப்படி நடுவிலே விடப்பட்ட எத்தனை பேர் மாத்திரையை ஓரமாக வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. பலன் கண்ணுக்குத் தெரியாமல் செல்லுக்குள் நடக்கிற மருந்துக்கு, அதைச் சொல்லிக் கொடுப்பதும் மருந்தின் ஒரு பாகம்தான்.

“பெரீப்பா, நீங்களா நிறுத்திப்போடாதீங்க. அலுப்பா இருக்குதுன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க, அவுரு அளவப் பாத்துக் குடுப்பாரு” என்றேன். டாக்டர் நீர் மாத்திரையை மாற்றி, இதைச் சோற்றுக்குப் பிறகு போடச் சொல்லி மறுபடி ஆரம்பித்தார். சாப்பாட்டோடு போட்டால் மருந்து மெதுவாக ஏறும், எழுந்தவுடன் தலைசுற்றுவது குறையும். இதன் அளவு ஏறும் விதமும் அப்படித்தான்: 3.125இல் தொடங்கி, தாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாக்கி, முடிந்தால் ஒரு வேளைக்கு 25 மில்லிகிராம் வரை. அவசரப்பட்டால் 1970களுக்கு முந்தைய டாக்டர்கள் பயந்ததுதான் நடக்கும். பெரியப்பாவுக்கு இப்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. கூடவே மற்ற மாத்திரைகளும் எடுக்கிறார், உப்பையும் குறைத்துவிட்டார். எல்லாப் பெருமையையும் இந்த ஒரு மாத்திரைக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டேன்.

தானாக நிறுத்தக் கூடாது என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. வாசலை மாதக்கணக்கில் மறித்து வைத்திருந்தால், செல் அதற்கு ஈடாகப் புதிய பீட்டா ஏற்பிகளை முளைக்க வைத்துக்கொள்ளும். மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால், அத்தனை ஏற்பிகளிலும் நார்அட்ரினலின் ஒருசேரப் போய் உட்காரும். அடைப்பு உள்ளவர்களுக்கு அது மாரடைப்பிலேயே முடியலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்து போவதும், தீர்ந்த பிறகு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவதும் இதே கணக்குதான்.

இதயம் என்றாலே எல்லாருக்கும் பீட்டா பிளாக்கர் என்றும் இல்லை. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, பம்பிங் நன்றாகவே இருப்பவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்த சுவீடன் ஆய்வு 2024இல் வெளியானது. சுமார் 5,000 பேர். மரணமோ அடுத்த மாரடைப்போ குறையவில்லை. ஓயாத உத்தரவு இல்லாத இதயத்தில் மறிப்பதற்கு அதிகம் இல்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இப்படி எடுத்துக்கொண்டிருப்பவர்களும் தாமாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன. கோவை, திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் நூல் மில்லில் பஞ்சுத் தூசியில் வேலை பார்த்தவர்கள் பலருக்கு இளைப்பு உண்டு. மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பது பீட்டா-2 ஏற்பி. கார்வெடிலாலும் புரோப்ரனலாலும் அதையும் சேர்த்து மறிக்கும். மில்லில் இருந்தது, வீசிங் வந்தது, இன்ஹேலர் எடுப்பது எல்லாவற்றையும் இதய டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பீட்டா-1ஐ அதிகம் குறிவைக்கும் பைசோப்ரலாலோ மெட்டோப்ரலாலோ அவர் யோசிப்பார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. திடீரென்று குப்பென வேர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

கடையில் வாங்கும்போதும் ஒன்று. மெட்டோப்ரலால் சக்சினேட், மெட்டோப்ரலால் டார்ட்ரேட் என்று இரண்டு வருகிறது. இரண்டும் ஒன்றுதானே என்று மாற்றிக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். பம்பிங் குறைந்தவர்களுக்கு ஆயுளை நீட்டித்துக் காட்டியது, நாள் முழுக்க மெல்லக் கரையும் சக்சினேட் வகை. டார்ட்ரேட் சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். சீட்டில் சக்சினேட் என்று இருந்தால் ஸ்ட்ரிப்பின் பின்புறத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் வயசானவர்களுக்கு விழுங்க முடியவில்லை என்று அதை இடித்துப் பொடியாக்கித் தரக் கூடாது, நாள் முழுக்கக் கரைய வேண்டியது ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும். நடுவில் கோடு போட்ட மாத்திரையாக இருந்தால் பாதியாக உடைக்கலாம்.